பிறையை வெட்டும் ஜன்னல்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் நம் புலனக் குழுக்களின் முகமே மாறிவிடும். பிள்ளைகளின் படம், கல்யாணப் படம், முருகன் படம் இருந்த சின்னச் சின்ன வட்டங்களில் எல்லாம் ஜாலூர் கெமிலாங் ஏறிக்கொள்ளும். மலேசிய தினமான செப்டம்பர் 16 தாண்டும்வரை பலர் அதை இறக்குவதில்லை. நல்ல பழக்கம்தான். இந்த முறை அந்த வட்டங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சிலவற்றில் நட்சத்திரம் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறையைத் தேட வேண்டியிருக்கும்.

பிறையை யாரும் அழிக்கவில்லை. போட்ட கொடி முழுக்கொடிதான். ஆனால் அதைக் காட்டுகிற ஜன்னல் சதுரம். கொடியோ நீளம். சதுர ஜன்னலுக்குள் நீளமான ஒன்றை வைத்தால் எதையாவது விட்டுத்தான் காட்ட முடியும். எதை விடுவது என்பதைக் கைப்பேசி தானே முடிவு செய்துகொண்டது. அது நம் கொடியில் பிறையாகப் போய்விட்டது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பது நமக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் ஒரு சீன நாளிதழின் முதல் பக்க ஓவியத்தில் பிறை இல்லாத கொடி அச்சாகி, நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, காவல்துறை விசாரணைவரை போனது. அங்கே பிறை எப்படிக் காணாமல் போனது என்பது வேறு கதை. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் கொடி வருகிற எந்தப் படமும் இரண்டு பேர் கண் படாமல் வெளியே போவதில்லை. கோடு பதினான்கா, நட்சத்திரத்துக்கு முனை பதினான்கா, பிறை இருக்கிறதா என்று வாய்விட்டு எண்ணுவோம். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது மாதிரி இருக்கும்.

இந்தக் கொடி விஷயத்தில் ஜொகூர்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. இதன் முதல் வடிவத்தை வரைந்த முகமட் ஹம்சா, ஜொகூர் பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்த இளம் கட்டடக் கலைஞர். அவர் வடிவத்திலிருந்து உருவான மலாயாக் கொடி 1950 மே 26-இல் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அப்போது 11 கோடுகள், நட்சத்திரத்துக்கு 11 முனைகள். 1963-இல் மலேசியா உருவானபோது இரண்டும் 14 ஆயின. ‘ஜாலூர் கெமிலாங்’ என்ற பெயர் வந்தது 1997-இல்தான்.

கட்டடக் கலைஞர் கை பட்ட கொடி என்பதாலோ என்னவோ, அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவது சுலபம். அகலம் 28 கட்டம், உயரம் 14 கட்டம். ஒரு கோட்டுக்கு ஒரு கட்டம். இடது மேல்மூலையில் உள்ள நீலப் பகுதி 14 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். இப்போது கணக்குப் போடுங்கள். கைப்பேசி நடுவிலிருந்து ஒரு சதுரம் வெட்டுகிறது. உயரம் 14 என்றால் அகலமும் 14தான் கிடைக்கும். இடப்பக்கம் 7 கட்டம் போச்சு, வலப்பக்கம் 7 கட்டம் போச்சு. வலப்பக்கம் போனது வெறும் கோடுகள், யாருக்கும் தெரியாது. இடப்பக்கம் போனது நீலத்தில் சரிபாதி. பிறை இருப்பது அந்தப் பாதியில்தான். அதன்மேல் வட்டம் வேறு வெட்டுகிறது, மூலைகளும் போய்விடும்.

அமெரிக்கக் கொடிக்கும் இதே தொல்லை உண்டு, அதன் நட்சத்திரங்களும் இடது மூலையில்தான். ஜப்பான்காரர் கவலையே படவேண்டாம். நடுவில் ஒரு சிவப்பு வட்டம், எப்படி வெட்டினாலும் உட்கார்ந்திருக்கும்.

சரி, இதற்கும் கணினியில் படம் வரைகிறவர்களுக்கும் என்ன தொடர்பு? நிறைய. கைப்பேசியில் நீங்கள் தொடும் சின்னங்களில் பெரும்பகுதி புகைப்படம் இல்லை. அவை வெக்டர் படங்கள். புகைப்படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டர் படம் என்பது ஒரு குறிப்பு. ‘இங்கே தொடங்கு, இவ்வளவு தூரம் போ, இப்படி வளை, சிவப்பு பூசு’ என்று எழுதிவைத்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அந்தக் குறிப்பைப் படித்துப் புதிதாக வரைந்து கொடுக்கும். சமையல் குறிப்பு கையில் இருந்தால் நான்கு பேருக்கும் சமைக்கலாம், நானூறு பேருக்கும் சமைக்கலாம் என்பது மாதிரி. இணையத்தில் இதற்கான பொது வடிவம் எஸ்.வி.ஜி. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2001 செப்டம்பரில் தரநிலையாக அறிவித்தது.

எஸ்.வி.ஜி-யின் பெரிய வசதி, ஒரு முறை வரைந்ததைப் பல முறை பயன்படுத்தலாம் என்பது. நம் கொடியே நல்ல உதாரணம். ஒரு சிவப்புக் கோட்டை வரைந்து ஏழு இடங்களில் வைத்தால் போதும். நட்சத்திரத்தின் ஒரு முனையை வரைந்து அதைச் சுற்றிச் சுற்றி 14 தடவை வைத்தால் முழு நட்சத்திரம். மூலமாக வரைந்து வைப்பதற்கு ‘சிம்பல்’ என்று பெயர். அது எங்கேயும் தெரியாது. அலமாரியில் கிடக்கிற முறுக்கு அச்சு மாதிரி சும்மா இருக்கும். வேண்டிய இடத்தில் ‘யூஸ்’ என்று எழுதினால் அங்கே பிழிந்துவிடும். ஒரே வித்தியாசம், அச்சின் தட்டை மாற்றினால் நம் வீட்டில் ஏற்கெனவே பிழிந்த முறுக்கு மாறாது. இங்கே மாறும். மூலத்தைத் திருத்தினால் அதைப் பயன்படுத்திய இடமெல்லாம் ஒரே நொடியில் திருந்திவிடும்.

இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். ஒளிப் பேனாவால் திரையில் தொட்டு வரையலாம். மூல வரைபடம் ஒன்று, அதன் நகல்கள் எத்தனை வேண்டுமானாலும். அவர் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அறுகோணங்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறார். பிறகு மூல அறுகோணத்தைப் போய் வளைவாக மாற்றுகிறார். தேன்கூடு மொத்தமும் மீன்செதிலாக மாறிவிடுகிறது.

இதே சதர்லேண்ட்தான் சில ஆண்டுகள் கழித்து வெட்டுவதற்கும் வழி கண்டார். 1967-இல் டேனி கோஹன் என்பவரோடு சேர்ந்து விமானப் பயிற்சிக்கான படங்களைத் திரையில் கொண்டுவரும் வேலையில் இருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கோடுகளை எப்படி வேகமாக ஒதுக்குவது என்ற சிக்கல் வந்தது. அவர்கள் வழி ரொம்ப எளிமை. கோட்டின் இரு முனைகளிடமும் நான்கே கேள்வி. ஜன்னலுக்கு மேலே இருக்கிறாயா, கீழே இருக்கிறாயா, இடப்பக்கமா, வலப்பக்கமா? இரு முனையும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் கோடு முழுக்க உள்ளே, வரைந்துவிடு. இரு முனையும் ஒரே கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் முழுக்க வெளியே, விட்டுவிடு. இரண்டும் இல்லையென்றால் ஜன்னல் ஓரத்தில் வெட்டி, மிச்சத்தை மறுபடியும் கேள். கணினி வரைகலைப் பாடத்தில் இன்றும் இது சொல்லித் தரப்படுகிறது. நகலெடுக்கும் வசதியும் வெட்டும் கத்தரியும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. அவை இரண்டும் சேர்கிற இடத்தில்தான் இன்றைய தொல்லை.

எங்கள் நிலையத்தில் படம் வரைகிற தம்பி ஒருவர் இருக்கிறார். போன தீபாவளிக்கு நிகழ்ச்சிப் பக்கத்தில் வைப்பதற்காக ஒரு குத்துவிளக்கு வரைந்திருந்தார். ஐந்து முகம், நடுவில் அன்னம், தடித்த பொன்னிறக் கோடு. அருமையான வேலை. பக்கத்தில் போட்டுப் பார்த்தால் சுடரின் நுனி தட்டையாக இருந்தது. அடித்தட்டின் இரு ஓரமும் கத்தியால் சீவியது மாதிரி.

“அக்கா, என் ஃபைல்ல முழுசாத்தான் இருக்கு. இங்க போட்டா மட்டும் நுனி காணோம்” என்றார்.

“திரை சின்னதா இருக்கோ தம்பி?”

“இல்லக்கா, பெருசாக்கினாலும் அதே இடத்துலதான் வெட்டுது.”

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் விடை இருக்கிறது. பெரிதாக்கினாலும் அதே இடத்தில் வெட்டு விழுகிறது என்றால், வெட்டுவது பக்கம் இல்லை. விளக்கு தன்னோடு கொண்டுவந்த ஜன்னல்.

எஸ்.வி.ஜி-யில் ஒரு வடிவத்தை இரண்டு விதமாகச் சேர்த்து வைக்கலாம். வெறும் குழுவாக, அதாவது ‘குரூப்’ ஆக வைத்தால் அதற்கு ஜன்னல் கிடையாது. எங்கே வைத்தாலும் கைகால் நீட்டிக்கொள்ளும், யாரும் வெட்டமாட்டார்கள். ஆனால் ‘இவ்வளவு அகலத்தில் வை, இவ்வளவு உயரத்தில் வை’ என்று நீங்கள் சொன்னாலும் அதன் காதில் விழாது. சிம்பலாக வைத்தால் அளவு சொல்லலாம், கேட்கும். ஏனென்றால் சிம்பலுக்கு ‘வியூபாக்ஸ்’ என்ற ஒரு சட்டம் உண்டு. ‘என் படம் இந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிறது’ என்று அது எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம். நீங்கள் சொல்லும் அளவுக்கு அந்தச் செவ்வகத்தைப் பொருத்திவிடுவார்கள். அதற்கு விலை, அந்தச் செவ்வகத்தின் ஓரத்தைத் தாண்டுகிற எதுவும் மறைக்கப்படும். யாரும் கேட்காமலே மறைக்கப்படும். உலாவிகள் சிம்பல் விஷயத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்பதை ‘ஹிடன்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

தம்பி செவ்வகத்தை மிகச் சரியாகத்தான் அளந்திருந்தார். சுடரின் உச்சி 0, அடித்தட்டின் அடி 100. அளவில் குற்றமே இல்லை. பிறகு எப்படி வெட்டுப்பட்டது? கோட்டின் தடிப்பு. கணினி ஒரு கோட்டை வரையும்போது பாதித் தடிப்பு பாதைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழும். தாளின் விளிம்பை ஒட்டியே மாக்கோடு இழுத்தால் பாதி மாவு தாளிலும் பாதி தரையிலும் கிடக்குமே, அதுபோல. தடிப்பு 8 என்றால் 4 வெளியே. அந்த 4-ஐத்தான் ஜன்னல் சாப்பிட்டது. பாதை கூர்மையாக முடிகிற சுடர் நுனியில் அதைவிடக் கூடுதலாகவே போகும். கூர்முனையில் இரு கோடுகள் சேரும்போது தடிப்பு இன்னும் நீண்டு வெளியே குத்திக்கொண்டு நிற்கும் அல்லவா?

மருந்து கசப்பில்லை. ஜன்னலை நான்கு பக்கமும் அகலமாக்கினால் போதும். 0-இலிருந்து 100 வரை என்பதை கழித்தல் 8-இலிருந்து 108 வரை என்று மாற்றினால் விளக்கு மூச்சுவிடும். சிலர் ‘ஓவர்ஃப்ளோ’வை ‘விசிபிள்’ என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முடியும்தான். ஆனால் அப்போது சுடர் பக்கத்து எழுத்தின்மேல் போய் ஏறும். எனக்கு ஜன்னலைப் பெரிதாக்குவதுதான் முறையாகப் படுகிறது. வெட்டுப்பட்ட பகுதி விரல் தொட்டாலும் வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொத்தானாகப் பயன்படும் சின்னத்தில் ஓரம் போனால், அந்த ஓரத்தைத் தொடுகிற பெரியவருக்கு “என்னம்மா இது, அழுத்தினா ஒண்ணும் வரலையே” என்றுதான் இருக்கும்.

கொடிக்குத் திரும்புவோம். செவ்வகமும் ஜன்னலும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு எஸ்.வி.ஜி-யில் வெளிப்படையாகவே சொல்லும் வழி உண்டு. ‘மீட்’ என்றால் படம் முழுக்கத் தெரியும்வரை சுருக்கு. மேலும் கீழும் வெற்றிடம் வந்தால் வரட்டும். ‘ஸ்லைஸ்’ என்றால் ஜன்னல் நிறையும்வரை பெரிதாக்கு, மிஞ்சினதை வெட்டு. எந்தப் பக்கம் ஒட்டிவைத்து வெட்டுவது என்றும் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் நடுவில் வைத்து ‘மீட்’. அந்த வகையில் எஸ்.வி.ஜி நல்ல பிள்ளை. சமூக ஊடகங்களின் வட்டங்கள் ‘ஸ்லைஸ்’ வழியில் போகின்றன. வெற்றிடம் தெரிவது அவர்களுக்கு அழகில்லை.

இடப்பக்கம் ஒட்டிவைத்து ‘ஸ்லைஸ்’ செய்தால்? 0-இலிருந்து 14 கட்டம் வரை தெரியும். நீலப் பகுதியின் அகலமும் 14. அதாவது மேலே முழுக்க நீலம், பிறையும் நட்சத்திரமும் பத்திரம், கீழே ஆறே கோடுகள். பிறை தப்பிவிட்டது. ஆனால் அது ஜாலூர் கெமிலாங்கா? பதினான்கில் எட்டுக் கோடு கண்ணிலேயே படவில்லை. சின்னமாக வைக்க அது போதும் என்று வாதாடும் வடிவமைப்பாளர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தேசியக் கொடி என்றால் முழுசாகச் சுருங்கட்டும், சுற்றி வெள்ளை இருந்தால் இருக்கட்டும். வட்டத்தில் வைக்க ஆசையா? ஒரு சதுர வெள்ளைத் தாளின் நடுவில் கொடியைச் சின்னதாக வைத்து, அந்தச் சதுரத்தைப் படமாக ஏற்றுங்கள். நாம் வைக்கிற வெள்ளை ஓரத்தைத்தான் கைப்பேசி வெட்டும்.

இதுவரை சொன்னது சின்னமும் கொடியும். நம் வீட்டுக்குள் இருக்கிற பெரிய வழக்கு வேறு. தமிழ் எழுத்து.

கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வெக்டர் வடிவம். எழுத்துரு என்பது இப்படிப்பட்ட வடிவங்களின் அலமாரி. அதிலும் தமிழ் மறுபயன்பாட்டுக்கென்றே பிறந்தது மாதிரி. 247 எழுத்துகளுக்கு 247 வடிவம் தேவையில்லை. ‘கொ’ என்றால் ஒரு கொம்பு, ஒரு ‘க’, ஒரு கால். அதே கொம்பும் காலும் ‘தொ’வுக்கும் ‘பொ’வுக்கும் போய் நிற்கும். உகர, ஊகார வரிசைகள்தான் முரண்டு பிடிக்கும். கு, சு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வால் வைத்திருப்பதால் தனித்தனியாக வரைய வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழுக்கு வழி போட்டதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘முரசு அஞ்சல்’ தந்த முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ‘இணைமதி’ எழுத்துரு அவர் வரைந்தது.

எழுத்துருவுக்குள்ளும் ஜன்னல் உண்டு. எழுத்து மேலே எவ்வளவு போகலாம், கீழே எவ்வளவு இறங்கலாம் என்று இரண்டு எண்கள். விண்டோஸுக்கென்றே தனியாக இரண்டு எண்கள் எழுத்துருக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தாண்டுகிற வடிவத்தை வெட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை நமக்குப் பத்தாது. நமக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே வாலும் சுழியும்.

இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான். ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்று இருக்கும்போது உயரத்தை அளந்து, மிஞ்சினால் மறை என்று எழுதிவிட்டார்கள். பிறகு தமிழில் ‘முகப்பு’ என்று மாற்றுகிறார்கள். மேலே புள்ளி போகிறது. கீழே மு-வின் சுழியும் பு-வின் வாலும் போகின்றன. திரையில் கிட்டத்தட்ட ‘மகபப’ என்று நிற்கும். படித்துப் பாருங்கள், ஏதோ கிருமியின் பெயர் மாதிரி இல்லை?

ஆங்கிலத்தில் எழுத்தின் வால் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் பொருளே மாறிவிடும். பு-வின் வாலை வெட்டினால் ப. பூ-வின் கீழ்ச்சுழியை வெட்டினால் அதுவும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். பூட்டும் புட்டும் பட்டும் ஒரே கடையில் விற்கிற மாதிரி ஆகிவிடும். மேலே வெட்டினால் ஈகாரத்தின் சுழி போய், குறிலா நெடிலா என்று தெரியாது. ‘வீடு’ ‘விடு’வாகும். ‘நீதி’ ‘நிதி’யாகும். புள்ளி போனால் ‘மண்’ ‘மண’ என்று பாதியில் நிற்கும், ‘பால்’ ‘பால’ ஆகும். வானொலியில் எங்களுக்குக் குறில் நெடில் பிசகினால் நேயர்கள் உடனே அழைத்து உரிமையோடு திட்டுவார்கள். திரையில் அதே பிழையை ஒரு செவ்வகம் செய்கிறது. யாரை அழைத்துத் திட்டுவது?

கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்று ஒன்றும், ‘நோட்டோ சான்ஸ் தமிழ் யு.ஐ’ என்று இன்னொன்றும் இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது ஏன்? பொத்தான், பட்டியல் மாதிரி இறுக்கமான இடங்களுக்காக மேலும் கீழும் அடக்கி அமைத்தது அது. ஜன்னலைப் பெரிதாக்க முடியாத இடத்தில் எழுத்து குனிந்து நுழைகிறது. இது நல்ல சமரசமா என்றால் கைப்பேசித் திரைக்கு ஆமாம் என்பேன். கடைப் பலகைக்கும் கல்யாணப் பதாகைக்கும் அந்த வகை எழுத்துருவைப் போட்டால் எழுத்துகள் நெருக்கடியில் நிற்கிற மாதிரி தெரியும். அங்கே இடம் தாராளமாக இருக்கிறதே, எழுத்து நிமிர்ந்து நிற்கட்டும்.

சொந்தமாகத் தொழில் நடத்துகிற இளையோர் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்கள் செயலிக்கோ இணையக் கடைக்கோ தமிழ் சேர்க்கும்போது, வடிவமைப்பாளரிடம் ‘முகப்பு’, ‘வீடு’, ‘பூட்டு’ என்று மூன்று சொற்களைக் கொடுத்து எல்லாப் பொத்தான்களிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கைப்பேசியில் எழுத்து அளவைப் பெரிதாக்கியும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். நம் அப்பா அம்மா வைத்திருக்கிற அளவு அதுதான். வெட்டு அங்கேதான் வெளியே வரும்.

கத்தரி எப்போதும் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சிக்குக் கோலத்தைக் கணினியில் வரையும்போது அதுதான் கைகொடுக்கும். ஒரு புள்ளியும் அதைச் சுற்றிய வளைவும் கொண்ட சின்னச் சதுரங்களை வரைந்து அடுக்கினால் பெரிய கோலம் வரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவினரும் 1970-களிலேயே கோலத்தை இப்படிக் கணக்காகப் பிரித்து, கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதிப் பார்த்தார்கள். சதுரத்தின் ஓரத்தை நேராகக் குறுக்கே கடக்கிற கோட்டை ஜன்னல் சரியாக ஓரத்திலேயே வெட்டும். அடுத்த சதுரத்தின் கோடு அங்கேயே தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஒரே கோடாகிவிடும். வெட்டாவிட்டால் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஓரத்தை ஒட்டிக்கொண்டே போகிற கோடுதான் பாதியாக இளைக்கும். அதனால் வளைவுகளைச் சதுரத்துக்கு உள்ளேயே திருப்பிவிட வேண்டும். ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் தீபாவளிக்கு வண்ண அரிசியில் கோலம் போடுகிறவர்கள் ஓரத்துக்கு வந்ததும் வரிசையை அழகாக மடக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு எந்த ‘ஓவர்ஃப்ளோ’ விதியும் தேவைப்படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்லாமல் விட முடியாது, இது குடும்பத்துக்கு. ஜன்னல் மறைக்கிறது என்றேன். மறைப்பதும் அழிப்பதும் ஒன்றில்லை. ஜொகூர் பாலத்தில் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே ஒரு துண்டு கடல்தான் தெரியும்; மிச்சக் கடல் அங்கேயேதான் இருக்கிறது. வெக்டர் கோப்பிலும் அப்படியே. வெட்டுப்பட்ட பிறை, போன வால், எல்லாம் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும். தெரிந்தவர் ஜன்னலை நகர்த்தினால் திரும்ப வந்துவிடும். பிறைக்கு இது நல்ல செய்தி. அடையாள அட்டை எண்ணுக்கு நல்ல செய்தி இல்லை.

பிள்ளையின் சான்றிதழையோ தேர்வு முடிவையோ உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்கு அனுப்பும்போது, மேலே இருக்கும் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் ‘கிராப்’ செய்துவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. பி.டி.எஃப் கோப்பில் கிராப் செய்தால் பெரும்பாலும் நடப்பது ஜன்னலைச் சுருக்குவது மட்டும்தான். வேர்டு கோப்பில் வைத்த படத்தை ஓரம் வெட்டினாலும் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். பெறுகிறவர் இரண்டு தட்டில் மீட்டெடுத்துவிடலாம். வேர்டில் படத்தைச் சுருக்குவதற்கான ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ என்ற கட்டளைக்குள் போனால், வெட்டிய பகுதிகளை நிரந்தரமாக நீக்கு என்று ஒரு தேர்வு இருக்கும். அதைச் செய்துவிட்டு அனுப்புங்கள். அதைத் தேடப் பொறுமை இல்லையென்றால், வெட்டிய பிறகு திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள். அதில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இருக்காது.